குப்பைக்கூடைக்கு மூன்று சுற்று

என் மனைவி மூன்றாவது தடவையாக விமானச் சீட்டு எடுத்த அன்று, பெட்டி கட்டுகிற பொறுப்பு என்னுடையது என்று வாயை விட்டேன். என் உடம்பில் அளவுக்கு மீறி வேலை செய்கிற ஒரே உறுப்பு அந்த வாய்தான். மற்றதெல்லாம் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பல வருஷமாகச் சாமான் தூக்கித் தேய்ந்துவிட்டன.

கட்டுவதில் எனக்குப் பெயர் உண்டு. எத்தனையோ வீட்டுப் பீங்கான் தட்டுகள் என் கையால் சுற்றப்பட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் ஊர் தாண்டியிருக்கின்றன. ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் சுமந்து மாடிமாடியாக இறக்கியிருக்கிறேன்; அதில் என் முகத்தைப் பார்க்க நேர்ந்ததைத் தவிர வேறு சேதம் கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்கு, ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாசம் போய்த் தங்குவதற்குப் பெட்டி கட்டுவது ஒரு வேலையா என்று கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத கேள்விகளுக்கெல்லாம் பிற்பாடு வாழ்க்கை பதில் சொல்லும். அது தெரிந்தும் கேட்டேன்.

அவள் போக வேண்டியது அக்கா வீட்டுக்கு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் அக்காவுக்கு முதல் பிரசவம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் கடல் தாண்டி ஓடி வந்து, துணி அலசிப் போட்டு, இவளுக்குத் தலை வாரிவிட்டு, எனக்குச் சோறும் போட்டு, போகும்போது வீட்டில் எரியாத பல்புகளையும் மாற்றிவிட்டுப் போனவள். இப்போது அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. என் சகலை தங்கமான மனுஷன்தான். ஆனால் துவைக்கிற மெஷினைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நிற்கிற ரகம்.

இரண்டு தடவை சீட்டு எடுத்து இரண்டு தடவையும் ரத்தாகிவிட்டது. முதல் தடவை கைக்குழந்தைக்குச் சளி. இரண்டாவது தடவை யாருக்கும் எதுவும் இல்லை. டாக்ஸி வாசலில் நின்றது, இவள் கதவில் சாய்ந்து நின்றாள், கொஞ்ச நேரம் கழித்து டாக்ஸி மட்டும் போனது.

காரணம் ஒரு பஸ். கைக்குழந்தை பிறந்த சில மாசத்தில் இவள் தனியாக இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பஸ்ஸில் போனாள். ஏறியதிலிருந்து அவன் அழுகை. மாற்றுத் துணி தேடும்போது பை கவிழ்ந்து, பால் புட்டி பஸ்ஸின் கடைசி வரை உருண்டு போனது. முன் சீட்டில் இருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாதவங்க வீட்டோட கிடக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப் போனான். அவன் தூங்கிவிட்டான். இவளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

விமானம் என்றால் அதைவிடப் பயம். நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பஸ்ஸுன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம். அங்க எங்க இறங்குறது?”

நியாயமான கேள்வி. நானும் கூடப் போகலாம் என்றால், பள்ளிக்கூடங்கள் லீவு விடுகிற சமயத்தில்தான் உலகமே வீடு மாறும்; எங்கள் முதலாளியிடம் அப்போது லீவு கேட்பதும் அவருடைய சிறுநீரகத்தைக் கேட்பதும் ஒன்று. எனவே அவள் தனியாகத்தான் போயாக வேண்டும். இந்தத் தடவையும் விட்டால், அக்கா தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லையே. மூத்தவளுக்குப் பட்டப்பெயர் மேனேஜர். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு; ஆனால் வீட்டில் யார் எப்போது பல் தேய்க்கலாம் என்பதுவரை அவள்தான் தீர்மானிப்பாள். சின்னவன் பூசணி. இன்னும் நடக்கவில்லை, தவழ்வதோடு சரி. அவன் தவழ்ந்து வருவதைப் பார்த்தால் யாரோ தோட்டத்திலிருந்து உருட்டிவிட்ட மாதிரியே இருக்கும்.

பயம் தெளிய ஒரு ஒத்திகை நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விமானம் தயாரானது. கம்பெனியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தேன். ஒருவர் பீரோ அண்ணன். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிறவர், அதனால் அந்தப் பெயர். இன்னொருவன் எங்கள் லாரி டிரைவர். டிரைவர்தான் விமானி. முக்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். பின்னால் யாராவது நின்று பார்த்துச் சொன்னால்தான் ரிவர்ஸ் எடுப்பேன் என்றான். பீரோ அண்ணன் பக்கத்து சீட்டுக்காரர். எரிச்சல்படுகிற ஆளாக நடிக்கச் சொன்னேன். அவர் பாத்திரத்தில் ஒன்றிப் போய், உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டை விட்டார். நான் தோளில் துண்டும் கையில் தட்டுமாக விமானப் பணிப்பெண். மேனேஜர் எல்லாரிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்து, பீரோ அண்ணனை இறங்கச் சொல்லிவிட்டாள்.

இதில் அழ வேண்டிய ஒரே ஆள் பூசணி. அவன் வேலையைச் செய்யவில்லை. பீரோ அண்ணனின் சட்டைப் பட்டனைச் சப்பிக்கொண்டு முழுப் பயணமும் சிரித்தான். மனைவியும் சிரித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தட்டை மேஜையில் வைக்கும்போதுதான் பார்த்தேன், அவள் கை பையின் வாரை விடவே இல்லை.

சரி, பெட்டி கட்டுகிற கதைக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரர்கள் எடுத்துப் போகாமல் விட்டுச் செல்கிற சாமான்மீது ஒரு சிவப்பு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டியது தங்கும், ஒட்டாதது போகும். கட்டுகிறவன் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் வீட்டுக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். யோசித்தால் அன்றைக்கு வேலை நடக்காது. ஒரு அறை முடிந்ததும் கதவைச் சாத்தி, குறுக்கே டேப் ஒட்டிவிட வேண்டும். பிறகு அந்த அறையை யாரும் திறக்கக் கூடாது. இந்த முறையில் நாங்கள் மாற்றிய வீடுகளில் ஒரு டம்ளர்கூடத் தொலைந்ததில்லை.

அதே முறையில்தான் வீட்டிலும் செய்வேன் என்று நின்றேன். முன்னறைக் கட்டிலில் ஒரு வாரமாகவே மனைவி எடுத்துப்போக வேண்டியதை அடுக்கி வைத்திருந்தாள். பூசணியின் டயப்பர் கட்டு, பால் பவுடர் டப்பா, புட்டிகள், காய்ச்சல் மருந்து, இரண்டு பேருக்கும் துணி, மேனேஜருக்கு வண்ணப் பென்சில், அக்காவுக்கு அவளே தைத்த குட்டிச் சட்டைகள். நான் முதல் நாள் சாயங்காலம் நட்சத்திர அட்டையை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்து, சுவர்க் கடிகாரம், மேஜை விசிறி, இஸ்திரிப் பெட்டி, என் பழைய செருப்பு, குப்பைக்கூடை என்று தங்க வேண்டிய எல்லாவற்றிலும் ஒட்டினேன்.

மனைவி கதவருகே நின்று பார்த்தாள். “நாலு கவுன் எடுத்து வைக்க இத்தனை சட்டமா? உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே உங்க நெத்தியில ஒண்ணு ஒட்டியிருக்கணும்” என்றாள்.

மறுநாள் காலையில் நானே கட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. விடிந்ததும் ஆபீஸிலிருந்து போன். ஒரு மாடி வீட்டின் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பியானோ மாட்டிக்கொண்டுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, பியானோக்காரரோ மேல்பக்கம் மாட்டிக்கொண்டு சாப்பிடக் கீழே இறங்க முடியாமல் நிற்கிறார். நான் போனால்தான் கழற்ற முடியும் என்றார்கள். இந்த மாதிரி வார்த்தைக்கு நான் மயங்காமல் இருந்ததே இல்லை. பீரோ அண்ணனையும் டிரைவரையும் வீட்டுக்கு அனுப்பி, நம்ம முறைப்படி கட்டிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பியானோவை மீட்கப் போனேன்.

அவர்கள் முறைப்படித்தான் கட்டினார்கள். மனைவி பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, சாப்பிட்டதைக் கக்கியவனை மறுபடி குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பூசணி உருண்டு வந்து தவறுதலாகப் பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்று இவர்கள் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் சாத்தி, டேப் ஒட்டினார்கள்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் கம்பெனி லாரி நின்றது. டாக்ஸி வேண்டாம் என்று பீரோ அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டாராம். நாம கட்டின சாமானை வேறொருத்தன் வண்டியில ஏத்துறதா என்பது அவர் கட்சி. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பெட்டி கேட்டிருந்தேன். இரண்டு பெட்டியும், கூடவே மூன்று அட்டைப்பெட்டியும் பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சுற்றி நின்றன. மூலைக்கு மூலை தடுப்பு அட்டை. என்ன அழகான கட்டு. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அட்டைப்பெட்டிகள் எதற்கு என்று எனக்கும் ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கடைசி நேரத்தில் அவள் சேர்த்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். நான்தான் வழக்கம்போல் அதிகப்படியாகச் சேர்த்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். கல்யாண வாழ்க்கையில் பாதிச் சாமான் இப்படித்தான் சேருகிறது.

அவளிடம் தோள்பை ஒன்று. அதில் பாஸ்போர்ட்டுகள், சீட்டு, பூசணிக்கு ஒரு வேளைப் பால். மனைவியும் பிள்ளைகளும் டிரைவரோடு முன்னால் ஏறினார்கள். நானும் பீரோ அண்ணனும் பின்னால் சாமானோடு சாமானாக. வழி முழுக்க நான் கேபின் ஜன்னல் வழியாக மனைவியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திரும்பி என்னைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்வாளோ என்று பயம். சொல்லவில்லை. சொன்னாலும் டிரைவர் திருப்பியிருக்க மாட்டான். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லையே.

விமான நிலையத்துக்குள் ஏறுகிற பாதையில் லாரி நின்றுவிட்டது. உயரமான வண்டிகள் உள்ளே போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு இரும்புக் குழாய். எங்கள் லாரி அதைவிட ஒரு தலை உயரம். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறக்குவது என்றால் எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. கனமான சாமான் ஏற்றுகிற சக்கரப் பலகை லாரியிலேயே இருந்தது. அதில் இரண்டு பெட்டி, மூன்று அட்டைப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மேனேஜர். பீரோ அண்ணன் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி பக்கத்திலேயே ஓடிவந்தாள். காவலுக்கு நின்றவர் விசில் ஊதினார். மேனேஜர் உச்சியிலிருந்து அவருக்குக் கை காட்டி, கூட்டத்தை விலக்கச் சொன்னாள். அவரும் விலக்கிவிட்டார், அந்தக் குரலில் ஒரு அதிகாரம் உண்டு.

கவுன்டரில் கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு பெண். முதல் பெட்டியை எடை மேடையில் வைத்ததும் மேடை முனகியது. அவள் திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டாள். குழந்தைத் துணி என்றேன். குழந்தை இரும்பில் உடுத்துமா என்று அவள் கேட்கவில்லை, புருவம் கேட்டது. எடை குறைத்தாக வேண்டும், திறந்து காட்டுங்கள் என்றாள். கைக்குழந்தைக்கு வழியில் தேவையான பால், டயப்பர் எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று மனைவியிடம் விசாரித்தாள். அதெல்லாம் சின்னப் பெட்டிக்குள் மேலாக இருக்கும் என்றாள் மனைவி.

திறப்பதற்குக் கத்தி கிடையாது. விமான நிலையத்துக்குள் கத்தி எங்கே. பீரோ அண்ணன் சுற்றிய தாளை நகத்தாலும் பல்லாலும் உரித்தேன். உரிக்க உரிக்க வந்தது. மேனேஜர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடி, வரிசைக்காக நட்டிருந்த கம்பங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் பேர் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் சின்னப் பெட்டி திறந்தது. மேலாக இருந்தது இஸ்திரிப் பெட்டி. அதன் கீழே என் பழைய செருப்பு, தனித்தனியாகச் சுற்றி, இடது வலது என்று எழுதி. அதன் கீழே மேஜை விசிறி.

பெரிய பெட்டியைத் திறந்தேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, ஒரு குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி பஞ்சு மெத்தென்று காற்றுக்குமிழ் தாளில் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு உருண்டை. பிரித்தால் குப்பைக்கூடை. காலி கூடை இல்லை. குப்பையோடு. உள்ளே கிடந்த வாழைப்பழத் தோலுக்குத் தனியாக ஒரு சுற்று.

டயப்பர் இல்லை. பால் பவுடர் இல்லை. மருந்து இல்லை. ஒரு ஜட்டிகூட இல்லை.

நான் பீரோ அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, குழப்பம்தான். முறைப்படிதான் தம்பி கட்டினேன் என்றார். கட்டில்மேல் இருந்த எல்லாவற்றிலும் நட்சத்திரம் இருந்ததாம்; டயப்பர் கட்டின்மேல், பால் டப்பாவில், புட்டி ஒவ்வொன்றிலும், குட்டிச் சட்டைகளில்கூட. குப்பைக்கூடையில் இல்லையாம்.

இரண்டு பேரும் சேர்ந்து மேனேஜரைத் தேடினோம். கம்பத்தருகே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பார்வை புரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஸ்கூல்ல டீச்சர் நல்லவங்களுக்குத்தான் ஸ்டார் ஒட்டுவாங்க. குப்பைக்கூடை என்ன பண்ணுச்சு? தம்பி பால் டப்பாவுக்கு ஒண்ணுகூட நீ ஒட்டலப்பா. அதான் எடுத்து மாத்தி ஒட்டினேன்.”

காலையில் அம்மா குளியலறையில் இருந்தபோது, இவர்கள் வருவதற்கு முன்னால் அவள் தனியாக அறையில் இருந்திருக்கிறாள். ஓர் அநியாயத்தைக் கண்டு சரிசெய்திருக்கிறாள். அவ்வளவுதான். என்ன சொல்லித் திட்டுவது?

இந்தச் சமயம் பார்த்து, ஒத்திகையில் செய்யாத வேலையைப் பூசணி செய்தான். முதலில் உதடு பிதுங்கியது, பிறகு அந்த மண்டபத்தின் கண்ணாடிச் சுவரெல்லாம் அதிர்கிற மாதிரி எடுத்தான் ஓர் அழுகை. எல்லா வரிசைகளும் திரும்பின. எங்களுக்கு நேர் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். கனமான மீசை, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. தாள் அவர் முழங்காலைச் சுற்றியிருந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவன் இத்தனை மாதத்தில் இவராக வளர்ந்துவிட்டானோ என்கிற மாதிரி பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

அந்த முகம் எனக்குத் தெரியும். டாக்ஸி மட்டும் போன அன்றைக்கு இருந்த முகம். அதை அவள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். “வேணாம்மா. வீட்டுக்குப் போயிடலாம். அக்காகிட்ட நான் பேசுறேன்.”

அவள் அப்படியே ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஒரு கையில் அலறுகிற பூசணி, மடியில் குப்பைக்கூடை. வாழைப்பழத் தோலின் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன்மேல் பீரோ அண்ணன் மறக்காமல், உடையும் பொருள், கவனம் என்று எழுதியிருந்தார்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க முடியாமல். சத்தம் வந்தபோது கவுன்டர்க்காரப் பெண்ணும் அதற்காகவே காத்திருந்த மாதிரி மேஜையில் தலை கவிழ்ந்துகொண்டாள். அம்மா சிரிப்பதைப் பார்த்த பூசணி ஒரு நொடி நிறுத்தினான். பிறகு தன் வேலையைத் தொடர்ந்தான்.

“நான் பயந்ததெல்லாம் இதுதானேங்க” என்றாள், மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு. “இவன் அழுவான், பை கவுந்துடும், ஊரே பாக்கும். எல்லாம் ஆயிடுச்சு. இன்னும் பிளேன்லயே ஏறல.”

சொல்லிவிட்டு எழுந்தாள். சுவர்க் கடிகாரம் வழியில் இருந்தது. எடுத்து, கைக்குக் கிட்டத்தில் நின்ற கோட்டுப் பெரியவரிடம் கொடுத்தாள், ஒரு நிமிஷம் பிடிங்க சார் என்று. அவர் வாங்கிக்கொண்டார். மீசை அசையவில்லை. கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கொஞ்சம் ஃபாஸ்ட்டா ஓடுதும்மா. உங்களுக்கு நேரம் இருக்கு, பதறாம பண்ணுங்க” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் ஓரமாக நின்றுதான் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி, இரட்டைக் குழந்தைகளோடு நின்ற ஒரு பெண் கேட்காமலே டயப்பர்களை எடுத்து நீட்டினாள். பால் பவுடர் வாங்கக் கடைக்கு ஓடிய பீரோ அண்ணன், கேள்வி கேட்கிற பழக்கம் இல்லாததால், அங்கே இருந்த எல்லா வகையிலும் ஒவ்வொரு டப்பா அள்ளிக்கொண்டு வந்தார். மனைவி சரியானதை மட்டும் உருவி எடுத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து எங்கள் தலையணை உறைகளும் என்னுடைய பழைய பருத்திச் சட்டைகளும் கிடைத்தன. உறை பையானது, சட்டை பூசணிக்கு விரிப்பானது. சின்னப் பெட்டியைக் காலி செய்து, எடுப்பதை அதில் போட ஆரம்பித்தாள்.

என் கை தானாக நீண்டது. சட்டையை மடித்துச் சுருட்டி மூலையில் செருகினால் இடம் மிச்சமாகும் என்று சொல்ல வந்தேன். கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “கையை எடுங்க. நான் பாத்துக்குறேன்.”

பார்த்தேன். என்ன கட்டு அது. மூலைக்குத் தடுப்பு இல்லை, வரிசை இல்லை, எதுவும் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் யாராவது இப்படிக் கட்டினால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் புட்டி வரும், அடுத்தது துணி வரும், அதற்கடுத்தது டயப்பர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை காலம் கட்டியதெல்லாம் போய்ச் சேருவதற்கு. நடுவழியில் ஒருத்தர் அதைத் திறக்க வேண்டி வரும் என்று நான் யோசித்ததே இல்லை. சாமானை அனுப்புவேன், கூட ஒரு நாளும் போனதில்லை.

மாற்றுத் துணிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே அக்கா சட்டைதான் தனக்கு, இப்போது மட்டும் என்ன என்றாள். மீதியை நாளைக்குப் பார்சலில் போடச் சொன்னாள். கொஞ்சம் யோசித்து, யாரையும் கூப்பிடாமல் நானே போடச் சொன்னாள்.

எடை மேடை இப்போது முனகவில்லை. கவுன்டர்க்காரப் பெண் மூன்று பேருக்கும் சீட்டைக் கொடுத்தாள். கோட்டுப் பெரியவர் கடிகாரத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்காலிலிருந்த தாளை ஒழுங்காகச் சுருட்டி அதையும் தந்தார்.

பாதுகாப்புச் சோதனை வாசல் வரைதான் நாங்கள் போகலாம். மேனேஜர் பீரோ அண்ணனுக்குக் கை கொடுத்து, இனிமேல் பார்த்துக் கட்டணும் என்று அறிவுரை சொன்னாள். அவர் சரிங்கம்மா என்றார். மனைவியின் ஒரு கையில் பூசணி, மறு கையில் மேனேஜர், தோளில் பை, பைக்கு மேல் தலையணை உறை. என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தலையை முன்னால் நீட்டி, தன் நெற்றியால் என் தோளில் ஒரு முட்டு முட்டினாள். பிறகு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பை நழுவிவிடும், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

குப்பைக்கூடை, விசிறி, கடிகாரம் எல்லாவற்றையும் சக்கரப் பலகையில் ஏற்றிக்கொண்டு லாரிக்கு வந்தோம். டிரைவர் வண்டியை எப்படியோ சாலையோரப் புல்தரையில் ஒதுக்கி நிறுத்தியிருந்தான். ஏறுவதற்குள் போன் வந்தது. பின்னணியில் பூசணியின் குரல், எட்டுக் கட்டையில்.

என்னம்மா ஆச்சு என்றேன்.

“ஏறி உக்காந்துட்டோம். அழுறான்” என்றாள், யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. “அழட்டும், அவனும் இப்பதானே முதல் தடவ ஏறுறான். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான். நான் வைக்கிறேன், போனை அணைக்கச் சொல்றாங்க.”

வைத்துவிட்டாள். நான் சொல்ல நினைத்ததெல்லாம் வாயிலேயே இருந்தது. வாய்க்கு முதல் தடவையாக வேலை இல்லாமல் போனது.

வண்டியை எடுக்கச் சொன்னேன். டிரைவர் எடுக்கவில்லை. அண்ணி போனதும் போகலாம்ணே என்றான். மூன்று பேரும் லாரியின் முதுகில் ஏறி நின்றோம். அந்தப் பக்கம் ஓடுபாதை தெரிந்தது. எந்த விமானம் என்று நான் கேட்டு வைக்கவில்லை. என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. ஒன்று சத்தத்தோடு எழும்பியது. பீரோ அண்ணன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அதுதானா என்று கேட்டேன். இருந்தா என்ன தம்பி, இல்லாட்டி என்ன என்றார். அடுத்தது எழும்பியது. அதற்கும் ஆட்டினோம். டிரைவர் உற்சாகத்தில் கீழே இறங்கி ஹாரன் அடித்தான். வெகு நேரம் கழித்து ஒன்று மேலேயிருந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது, சக்கரமெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. அது வருகிறது, போகவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதற்கும் ஆட்டினோம்.